இரவல் மணி

எங்கள் கடைக்கு இரண்டு காட்சிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று லா சப்பல் தெருவைப் பார்த்தபடி விளக்குப் போட்டு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி. மற்றது என் மனைவியின் கழுத்து.

இதை நான் பகிடியாகத்தான் சொல்லித் திரிந்தேன். அவளும் சிரிப்பாள். ஆனால் வியாபாரம் நடந்தது அப்படித்தான். புதிதாக ஒரு அட்டியலோ பதக்கச் சங்கிலியோ வந்தால் அதை முதலில் பெட்டியில் வைக்க மாட்டோம். சனி ஞாயிறில் எங்காவது ஒரு கலியாணமோ சாமத்தியச் சடங்கோ இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் மண்டபத்துக்குள் நுழைவாள். பெண்களின் கண் முதலில் அவள் கழுத்துக்குப் போகும், பிறகுதான் முகத்துக்கு வரும். அடுத்த கிழமை அதே பெண்கள் கடைக்கு வந்து, "அண்ணை, அக்கா அண்டைக்குப் போட்டிருந்தது இருக்கோ?" என்று தொடங்குவார்கள். அதற்குள் நகை தட்டுக்குத் திரும்பியிருக்கும். அவள் கழுத்தில் தாலிக்கொடி மட்டும் மிஞ்சியிருக்கும்.

"ஊரிலை இரவல் நகை போட்டால் சனம் சிரிக்கும். இஞ்சை நான் போட்டால் சனம் வாங்குது," என்பாள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். நான் பின்னால் நின்று கொக்கியைப் பூட்டிவிடுவேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிச் சனம் கதைத்துக் கதைத்து, கடைசியில் கதைத்தவர்களுக்கே அலுத்துவிட்டது. நானும் அவளும் கடையும் என்று இருந்தோம். காலையில் நான் ஷட்டரைத் தூக்குவேன், அவள் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றுவாள். பிரெஞ்சு எனக்கு வியாபாரத்துக்குப் போதுமான அளவுதான். அவள் என்னைவிட நன்றாகப் பேசுவாள். வெளி வேலைகள், கடதாசி வேலைகள், ரந்தேவு என்கிற முன்பதிவுச் சந்திப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு.

அவள் கழுத்தில் வந்த கட்டியைக் காட்டித் தந்ததும் ஓர் அட்டியல்தான். ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிடும்போது நான் கொக்கியைப் பூட்டினேன். அது ஒரு பக்கமாக ஏறி நின்றது. அட்டியலில் பிழை என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். நகை சரியாகத்தான் இருந்தது. பிறகு என் விரல் அவள் கழுத்தில், காதுக்குக் கீழே, பட்டது. பாக்களவு இருக்கும். அசையாமல் இருந்தது.

"நோகுதோ?" என்றேன்.

"இல்லை. கெதியாப் பூட்டுங்கோ, நேரம் போட்டுது," என்றாள்.

வருத்தம் புற்றுநோய் என்று தெரிந்த கிழமையே, எபினே புறநகரில் இருக்கும் என் அக்கா ஒரு பையில் உப்பும் செத்தல் மிளகாயும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "தம்பி, நான் எத்தினை தரம் சொன்னனான்? எத்தினை சனத்தின்ரை கண் உவளின்ரை கழுத்திலை விழுந்தது. நாவூறு எண்டால் நாவூறுதான்," என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் தொழிலே என் மனைவியைத் தின்றுவிட்டது என்பதுபோல அவர் சொன்னார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உப்பையும் மிளகாயையும் அவளுக்குச் சுற்றி, சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தார். புகைக்குக் கூவும் கருவி கூவத் தொடங்கியது. மேல்வீட்டுக்காரன் படியால் இறங்கி ஓடி வந்தான். கட்டடம் முழுக்க இருமியது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாவூறு போட்டுதோ தெரியாது மச்சாள், அயலட்டை போட்டுது," என்றாள்.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நகை விற்கிறவனுக்குக் கண்தானே சோறு. பார்க்காத நகையை யார் வாங்குவான்? பார்த்துக் கெட்டுப்போவதாக இருந்தால் லா சப்பலில் ஒரு கடையும் மிஞ்சியிருக்காது. அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் துனிசியா நாட்டுக்காரப் பெண்மணி ஒருவர் அந்த மணியைக் கொண்டுவந்தார். பின்தெருவில் தனியாகக் குடியிருந்தார். கணவர் இறந்து பல காலம். அறுந்த சங்கிலி, கழன்ற கல் என்று அவ்வப்போது கடைக்கு வருவார். எங்கள் இருபத்திரண்டு கரட் தங்கத்தில் அரபுப் பெண்களுக்கும் ஒரு விருப்பம் உண்டு. அன்றைக்கு அவர் கைலேஞ்சித் துணியை அவிழ்த்து, ஒரு கண்ணாடி மணியை எடுத்து மேசையில் வைத்தார். இதன் இரண்டு முனையிலும் தங்கத்தில் குப்பி, தொப்பிபோலச் சின்ன மூடி, போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

கண்ணாடி எங்கள் சரக்கு அல்ல. இருந்தாலும் சட்டைப் பையிலிருந்து லூப்பை எடுத்தேன். கண்ணில் வைத்துக் கல் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடி இல்லாமல் நான் எங்கும் போவதில்லை, கோயிலுக்குக்கூட. மணி ஒரு சின்ன இலந்தைப்பழமளவு இருந்தது. பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறம். அதில் மூன்று கண்கள். ஒவ்வொன்றும் வெள்ளை வட்டம், அதற்குள் சிவப்பு, அதற்குள் கறுப்பு. சுற்றிவர மஞ்சள் கோடு ஓடியது. மேலே மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர்போல ஒரு மினுக்கம். பல காலம் மண்ணுக்குள் கிடந்த கண்ணாடிக்கு அப்படித் தோல் பிடிக்குமாம். நூல் போகும் துளையின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தது. எத்தனையோ பேரின் நூல் உரசித்தான் அப்படித் தேயும். அது மட்டும் எனக்கே விளங்கியது.

"எங்கள் பக்கத்து ஒலிவ் தோட்டத்தில் உழுதபோது வந்தது," என்றார் அவர். "என் கணவரின் தாய் கட்டியிருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தாய். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது, முதல் முதல் வந்த முஸ்லிம் அரசர்களின் காலம் என்று படித்தவர் ஒருவர் சொன்னார்."

"எதற்குக் கட்டுவது?" என்றாள் என் மனைவி. அவள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கட்டியில் மறுபடியும் ஊசி போட்டுச் சோதனைக்குத் துண்டு எடுத்திருந்ததால் கழுத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மற்றவர்களின் கண்ணுக்கு. எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு கண் வெளியே பார்க்கும். உன்னைப் பார்க்க வருகிற கண்ணை அது முதலில் பார்த்துவிடும். இதற்கு இமை இல்லை மகளே, பகலும் இரவும் விழித்திருக்கும். அதனால் இதைக் கட்டியவள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஒருநாள் தாங்க முடியாத கண் ஒன்று வரும். அன்றைக்கு மணி தானாக வெடித்துவிடும். வெடித்தால் கண்ணும் போயிற்று, ஆபத்தும் போயிற்று."

வெடிப்பது என்றதும் எனக்குத் தொழில் ஞாபகம் வந்தது. பழைய கண்ணாடி, குப்பியைப் போட்டுக் குறட்டால் இறுக்கினால் வெடிக்கக்கூடும், பொறுப்பெடுக்க மாட்டேன் என்றேன். அவர் உடனே கையை விரித்து மணியை மூடிக்கொண்டார். குறட்டால் வெடிப்பது கணக்கில் வராது, வேண்டாம் என்றார். எழும்பப் போனவர் என் மனைவியின் கழுத்தில் இருந்த பஞ்சைப் பார்த்தபடி நின்றார். மணியை அவள் கையில் வைத்தார்.

"கொடுக்கவில்லை. இரவல்," என்றார். "ஆஸ்பத்திரி முடிந்ததும் திருப்பித் தா."

அவர் போன பிறகு நான் சிரித்தேன். "உமக்கு இரவல் குடுக்க நான் ஒருத்தன் காணாதெண்டு இன்னொராள் வெளிக்கிட்டிருக்கு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு முழுக்கப் படம் எடுக்கும் பெரிய இயந்திரத்துக்குள் போவதற்கு முன் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அவள் தோட்டைக் கழற்றினாள், காப்பைக் கழற்றினாள், தாலிக்கொடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அது இறங்கியதில்லை.

இந்தச் சங்கடம் எனக்குப் புதிதல்ல. கொடி திருத்த வரும் பெண்கள் வெறுங்கழுத்தோடு கடையைவிட்டு இறங்க மாட்டார்கள். அதற்காகவே மேசையின் இழுப்பு லாச்சி ஒன்றில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டுகளும் வைத்திருப்பேன். கொடி கையில் வரும் வரைக்கும் அந்தக் கயிறுதான் தாலி. அன்றைக்கும் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டினேன்.

"மஞ்சளை அவிழ்த்துப்போட்டு உந்த மணியைக் கோர்த்துத் தாங்கோ," என்றாள்.

"உதென்ன கதை?"

"மஞ்சள் துண்டுக்குக் கண் இல்லை. உள்ளுக்கை நீங்கள் வர ஏலாது. ஆரும் ஒராள் முழிச்சிருக்கட்டும்."

கோர்த்துக் கொடுத்தேன். அங்கே வேலை செய்த பெண் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியும் நூலும் மட்டும்தானா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, கழுத்தில் வேண்டாம், மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள் என்றாள். என் மனைவி உள்ளே போனாள். நான் வெளியே வாங்குப் பலகையில், அவளுடைய தாலிக்கொடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேரின் தாலியை உருக்கியிருக்கிறேன், நிறுத்திருக்கிறேன். அந்தப் பாரம் மட்டும் தாங்க முடியாமல் இருந்தது.

கழுத்தை வெட்டிக் கட்டியை எடுத்தார்கள். பிறகு கதிர் வைத்தார்கள். தோல் வெந்து சிவந்தது. தாலிக்கொடியை மாட்டிப் பார்த்தாள். பட்ட இடமெல்லாம் எரிந்தது. மெல்லிய பருத்தி நூலை மஞ்சளில் தோய்த்துக் காயவைத்து, அதில் மணியைக் கோர்த்து, தழும்புக்குக் கீழே தொங்கவிட்டேன். அதோடுதான் கடைக்கு வந்தாள். தாலி விற்கிறவனின் பெண்சாதி தாலி இல்லாமல் ஒரு கண்ணாடி மணியோடு இருக்கிறாள் என்று தெருவில் கதை வந்தது. அக்கா மட்டும் நேரே சொன்னார்.

"உது ஆரின்ரை சாமானோ, எந்தப் புதைகுழியிலை கிடந்ததோ. வேதக்காரரோ துலுக்கரோ தெரியாது. உதைக் கழட்டிப்போட்டு ஒரு தகடு கட்டும்."

"மச்சாள், உங்கடை மிளகாய்க்கு அயலட்டை ஓடினது. இது சத்தமில்லாமல் வேலை செய்யுது," என்றாள் அவள்.

அக்காவுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அதுதான் புதுமை. முன்பென்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏசியிருப்பேன். அப்போது எனக்கு அந்த மணிமேல் ஒரு பற்று வந்திருந்தது. எப்போது வந்தது, எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மருத்துவர்கள் இப்போதைக்குச் சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பொறுத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. மருத்துவரின் முகத்தைவிட மணியின் முகம் எனக்கு விளங்கியது. வெடித்தால் முடிந்தது, வெடிக்காவிட்டால் இன்னும் இருக்கிறது. அவ்வளவுதானே.

காலையில் எழும்பியதும் முதல் வேலையாக மணியைத் தொட்டுப் பார்ப்பேன். கடையில் கல் எண்ணும்போது பாதியில் நிறுத்தி, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவளைப் பார்த்து, "வெடிச்சுதோ?" என்பேன்.

"வெடிச்சால் சொல்லுவன். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ," என்பாள்.

எனக்கு நித்திரை போய்விட்டது. கண்ணை மூடினால் அவள் மூச்சைக் கேட்பேன், மூச்சுச் சரியாக இருந்தால் கையை நீட்டி மணியைத் தடவுவேன். தராசை இரண்டு தரம் பிழையாகப் பார்த்தேன். ஒரு பெண்ணின் மோதிரத்தை வேறொரு பெண்ணிடம் கொடுத்து ஏச்சு வாங்கினேன். என் மனைவி வருத்தக்காரி. ஆனால் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான், "அண்ணைக்கு உடம்பு சரியில்லையோ?" என்று கேட்டார்கள். அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடை தொடங்கும் நேரம். கலியாணங்கள் குவிகிற காலம், கடையை விட்டு அசைய முடியாது. ஆஸ்பத்திரி ரந்தேவுக்குத் தானே தனியாகப் போய் வருவதாகச் சொன்னாள். போய் வந்து, "ஒண்டுமில்லையாம். பேந்து வரட்டாம்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட்டாள். எனக்கு அது போதவில்லை. அவள் கழுத்தைத்தான் பார்த்தேன். மணி முழுசாக இருந்தது. முழுசாக இருந்தபடியால் அவள் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குள், மத்தியானம், நான் மொத்தக் கடைக்காரரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவள் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது கை மூடியிருந்தது.

"இஞ்சருங்கோ. வெடிச்சிட்டுது," என்றாள்.

கையை விரித்தாள். மணி இரண்டு பாதியாக இருந்தது. நடுக் கண் சரிபாதியாகப் பிளந்து, இங்கே பாதியும் அங்கே பாதியுமாகக் கிடந்தது.

"எப்பிடி?"

"சும்மா இருந்தனான். டக்கெண்டு ஒரு சத்தம்."

நான் கடைக்குள் நின்று அழுதேன். வாடிக்கைக்காரர் இருவர் இருந்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை. ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு, பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயை எடுத்து என் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். அது சிதறிய சிதறலில் பக்கத்தில் நின்றவர் விலகிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான். "உடைஞ்ச மணியை வைச்சிருக்கக் கூடாதாம். வாய்க்காலிலை எறிஞ்சு விடுங்கோ. இண்டைக்கே." கால்வாய் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.

"நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

எறியவில்லை. அவள் சொல்லைத் தட்ட வேண்டும் என்று இல்லை. தொழில் அப்படிப் பழக்கியிருந்தது. ஒரு வாடிக்கைக்காரரின் நகையை அறுத்தால், அறுத்த துண்டு குன்றிமணியளவு இருந்தாலும் தாளில் மடித்து அவரிடமே திருப்பிக் கொடுப்போம். இல்லாவிட்டால் இந்தத் தெருவில் கடை வைத்திருக்க முடியாது. மணி இரவல் வாங்கிய பொருள். துண்டானாலும் உடையவரிடம் போய்ச் சேர வேண்டும். இரண்டு பாதியையும் தாளில் மடித்து, மஞ்சள் கயிறு இருக்கிற லாச்சியில் போட்டேன். ஒரு ஆறுதலான நாளில் நாங்கள் இருவருமாகப் போய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை இப்போதும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். அப்போது அவை என் வாழ்க்கையின் நல்ல மாதங்களாக இருந்தன. படுத்தால் நித்திரை. குறட்டை விடுகிறேன் என்று அவள் முறையிட்டாள். கடையை ஒரு ஞாயிறு மூடிவிட்டுக் கடல் பார்க்கப் போனோம். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். தாலிக்கொடியை மறுபடி மாட்டினாள். எரிகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். பிள்ளையாரின் தேர் தெருவால் வந்தபோது கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஏன் எழும்பி நிற்கவில்லை என்று கேட்டதற்கு, புதுச் செருப்பு கடிக்கிறது என்றாள். மெலிந்திருந்தாள். நான் வெயில் என்று நினைத்தேன். மணி வெடித்துவிட்டதே. எனக்குப் பார்க்க வேண்டியது வேறென்ன இருந்தது?

இலை கொட்டும் காலத்தில் ஒருநாள் படியில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், மருத்துவர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். நான் விளங்காமல் நிற்பதைப் பார்த்து அவருக்கும் விளங்கவில்லை. கோடைக்கு முன்பே மதாமுக்குச் சொல்லியிருக்கிறோம், இனி மருந்து கேட்காது என்று அப்போதே தெரியும், மதாம் உங்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார் என்றார்.

நான் அறைக்குள் போனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு அது தெரியாதா? கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். கோபம் வந்தது, அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "குளிருதோ?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லையப்பா," என்றாள், கண்ணைத் திறக்காமலே. அதைப் பற்றி நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். மார்கழியில், நத்தார்ப் பண்டிகை விளக்குகள் தெருவில் எரியத் தொடங்கிய கிழமை அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டு அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சனம் எல்லாம் போன பிறகு, கடையைத் திறந்தேன். திறந்த அன்று முதலில் வந்த பெண் தாலிக்கொடி திருத்தக் கொண்டுவந்தார். கொடியை வாங்கிக்கொண்டு மஞ்சள் கயிறு எடுக்க லாச்சியை இழுத்தேன். தாள்மடி கையில் பட்டது.

இரவல் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் அவளை அனுப்பிவிட்டேனே என்றுதான் முதலில் பதறினேன். அந்தப் பெண் போனதும் ஒரு சின்ன நகைப் பெட்டியை எடுத்தேன். அடியில் கொஞ்சம் சீனி தூவினேன். அயல் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை. ஒரு சோடித் தோடும் வைத்தேன். மணி வந்த புதிதிலேயே அவள் அதைத் தெரிவு செய்து, "உதைத் திருப்பிக் குடுக்கேக்கை இந்தத் தோட்டையும் சேர்த்துக் குடுக்கவேணும்," என்று ஒதுக்கி வைத்திருந்தாள். பிறகு மணித் துண்டுகளைப் பெட்டியில் வைப்பதற்கு முன், கை பழக்கத்தில், லூப்பை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

மணி வெடித்த நாளிலிருந்து லூப் என் சட்டைப் பையில்தான் இருந்தது. துண்டுகள் லாச்சியில் இருந்தன. ஒருநாள்கூட நான் பார்க்கவில்லை.

இரண்டு பாதியையும் பொருத்திப் பிடித்தேன். இந்தப் பக்கம் ஓர் இடத்தில் கண்ணாடி வெள்ளையாக நொறுங்கியிருந்தது. நேர் எதிர்ப்பக்கத்தில் அதேபோல இன்னோர் இடம். நொறுங்கிய இடத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கீறல். அது மணியின் மஞ்சள் கோடு அல்ல. தங்கம். அந்த மணிக்குத் தங்கக் குப்பி போட்டதே இல்லை. அதில் தங்கம் படுவதென்றால் ஒரே வழிதான். நாள் முழுக்கத் தங்கத்தைப் பிடித்துப் பிடித்து வாயில் தங்கம் அப்பியிருக்கும் எங்கள் மேசைக் குறடு. மேசைக்குப் பின்னால், வலது கைப்பக்கம், ஆணியில் தொங்குகிறது.

யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பின்தெருவுக்கு நடந்து போனபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயிரம் வருடம் இருந்த பொருளை இரவல் வாங்கி என் மனைவி உடைத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? அவர் கதவைத் திறந்தார், உள்ளே இருத்தினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தடுமாறித் தடுமாறி, மணி தானாக உடையவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"தெரியும்," என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவள் என்னிடம் கேட்டாள். நீங்கள் இருக்கிற இந்தக் கதிரையில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். 'இதை உடைக்க எனக்கு அனுமதி தாருங்கள்,' என்றாள். நான் பயந்துபோனேன். குறட்டால் உடைப்பது கணக்கில் வராது என்று நான்தானே சொன்னேன். 'எனக்குத் தெரியும், எனக்கு அது உதவாது,' என்றாள். 'என் கணவர் நித்திரை கொள்வதில்லை. நான் சுகமாகிவிட்டேன் என்று நான் சொன்னால் நம்ப மாட்டார். மணி சொன்னால் நம்புவார். நான் இருக்கும் வரைக்குமாவது அவர் நித்திரை கொள்ளட்டும்,' என்றாள்."

நான் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டு என்று சொன்னேன். சத்தம் கேட்கும், கடையில் குறடு இருக்கிறது என்றாள்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கணவரின் தாய் உயிரோடு இருந்தால் என்னை அடித்திருப்பார். ஆனால் நான் ஓம், உடை என்றேன்."

பெட்டியைத் திறந்து வைத்தேன். சீனியைத் தொட்டு நாக்கில் வைத்தார். தோட்டைக் கையில் எடுத்து, இது அவள் எடுத்து வைத்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் போய், இருந்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். மணித் துண்டுகளை மட்டும் தாளில் மடித்து என் பக்கம் தள்ளினார்.

"உடைந்ததை எறிந்துவிட வேண்டும் என்பார்கள்," என்றார். "எறிவதோ வைத்திருப்பதோ, உங்கள் விருப்பம். அது உங்களுக்காக உடைந்தது. இனி உடையவர் நீங்கள்தான்."

திரும்பி வரும் வழியில் கால்வாய்ப் பக்கம் போனேன். பாலத்தில் நின்றேன். தாள்மடியைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் லூப்போடு சேர்ந்து சட்டைப் பையில் கிடக்கிறது.

கண்ணூறு, நாவூறு என்று யாராவது கடையில் தொடங்கினால் இப்போது நான் ஏசுவதில்லை, சிரிப்பதுமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் எண்ணம் அந்தக் கோடை மாதங்களுக்குப் போய்விடுகிறது. நோவோடு பக்கத்தில் கிடந்தவள், என் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, அசைந்தால் எழும்பிவிடுவேன் என்று அசையாமல் கிடந்திருப்பாள். மணியைக் கட்டியிருந்தவள் அவள். நித்திரை கொண்டவன் நான்.